உன் கல்யாண ஆல்பத்தில் என் முன்பல்

தம்பி,

உன் கல்யாண ஆல்பம் வந்துவிட்டது. ஸ்டூடியோக்காரர் நேற்று சாயங்காலம் பெட்டியோடு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகும்போது, "எம்மா, பொண்ணு மாப்ளயவிட நீங்கதான் பளிச்சுன்னு விழுந்திருக்கீங்க" என்றார். பொய் சொல்லவில்லை. மாலை மாற்றும் படத்தில் நீ எங்கேயோ பார்க்கிறாய், சந்தியா தலையைக் குனிந்திருக்கிறாள், உங்கள் இருவருக்கும் பின்னால் நான் நின்றுகொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறேன். தாலி கட்டும் படத்திலும் அப்படித்தான். பந்தியில் எடுத்த படத்தில் வாயில் சோறு இருக்கும்போதுகூடச் சிரிக்கிறேன். உங்கப்பா பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பையனுக்கு நடந்த கல்யாணமா, உன் பல்லுக்கு நடந்த கல்யாணமா?" என்று கேட்டார். ரெண்டுக்கும்தான் என்றேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

லீவில் வந்து நீ காரைவிட்டு இறங்கியபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையில் பெட்டியோடு அப்படியே நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? "எம்மா, இன்னாம்மா இது? எப்போ கட்டுன?" என்று கேட்டாய். "கல்யாணம் முடியட்டும், சொல்றேன்" என்று உன்னை உள்ளே தள்ளிவிட்டேன். கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, நீயும் சந்தியாவும் புனேவுக்கு ரயில் ஏறியும் விட்டீர்கள். கேட்டதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் கதையின் வாசற்படியைத் தாண்டுவதற்குள் உன் கம்பெனி பஸ் வந்துவிடும், "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். காகிதம் என்றால் உன்னால் வைக்க முடியாது. அதனால் ஆல்பத்தோடு சேர்த்து இதையும் கூரியரில் அனுப்புகிறேன். பத்தாவது வரை படித்த கை, எழுத்து கோணலாக இருந்தாலும் விஷயம் நேராக இருக்கும்.

பல் போன கதை உனக்குப் பாதிதான் தெரியும். நீ பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்தாய். உப்பளத்துப் பாத்தியில் உப்பு வாரிவிட்டு வரப்பில் ஏறும்போது கால் வழுக்கியது. உப்பு வாரும் பலகை கையில் இருந்தது, அதன் காம்பின் மேலேயே முகம் குப்புற விழுந்தேன். மேல்வரிசையில் நடுப்பல் இரண்டும் போயிற்று. அந்த வாயில் உப்புத் தண்ணீர் பட்டபோது எரிந்த எரிச்சல் என் எதிரிக்கும் வேண்டாம். இவ்வளவும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது அதற்கப்புறம் நடந்தது. கழட்டி மாட்டும் பல்செட் ஒன்று கட்டிக்கொண்டேனே, அது தொலைந்துவிட்டது என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். எப்படித் தொலைந்தது என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது வாயில் ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் போட்டுப் பேசினால் வெளியே குதிக்கப் பார்க்கும். வேலை நேரத்தில் கழட்டி முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வேன். ஒருநாள் முடிச்சு அவிழ்ந்து, குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரத்தில் விழுந்துவிட்டது. நான் பார்க்கும்போது அந்த அம்பாரம் மூட்டையாகி லாரி ஏறிப் போய்விட்டிருந்தது. எந்த ஊர் அடுப்படியில் எந்த மகராசி உப்பு ஜாடிக்குள் கையை விட்டு என் பல்லை எடுத்தாளோ, நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பாக வருகிறது, கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது.

அதற்குப் பிறகு பல்லே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீ ஒவ்வொரு லீவுக்கும் வந்து டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிடுவாய். பேரன் எடுக்கிற வயசில் எனக்கு என்னத்துக்குப் பல் என்று வாயை அடைப்பேன். உப்பளத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நான் வாயாடி. என்னோடு வேலை செய்யும் கன்னியம்மா, "யக்கா, நீ பேசனா எனக்கு காத்து அடிக்குது, வேர்வையே இல்ல" என்று கிண்டல் செய்வாள். நானும் சும்மா விடமாட்டேன். ஆனால் ஊருக்குள் கால் வைத்ததும் முந்தானை தானாக வாய்க்கு வந்துவிடும். உனக்கு வீடியோ காலில் எப்போதும் மின்விசிறியைக் காட்டிக்கொண்டிருந்தேனே, கை வலியில் போன் சாய்கிறது என்று நீ நினைத்தாய். கையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் கிளியனூருக்கு, சந்தியாவுக்குப் பூ வைக்கப் போனேன். உனக்கு லீவு கிடைக்காததால் நீ வரவில்லை. பெண் கிளி மாதிரி இருந்தாள். எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது, தம்பி. உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். ஆனால் கூடம் நிறைய ஜனம், எல்லாரும் மாப்பிள்ளையின் அம்மா எப்படி என்று என்னையே பார்க்கிறார்கள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். பூவை வைத்தேன், குங்குமம் வைத்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டோ எடுக்கிற பையன், "மாப்ள அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சினான். முந்தானையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டேன். அப்புறம் சந்தியா ஒரு தட்டில் முறுக்கு கொண்டுவந்து என் முன்னால் நீட்டி, "நானே சுட்டது அத்த, ஒண்ணு எடுத்துக்கங்க" என்றாள். முறுக்கு! இத்தனை பேருக்கு முன்னால் நான் அதை எந்தப் பல்லால் கடிப்பேன்? வேண்டாம் என்று தலையை ஆட்டித் தட்டை நகர்த்தி வைத்தேன். அந்தப் பெண்ணின் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

நாலு நாளில் சந்தியாவின் அம்மா போன் செய்தார்கள். சுற்றி வளைக்கிற ஆள் இல்லை அவர்கள். "சம்பந்தி, மனசுல வெச்சுக்காம சொல்லிடுங்க. எங்க பொண்ண உங்களுக்குப் புடிக்கலயா? பொண்ணு அன்னையிலருந்து சரியா சாப்பிடல. அந்த அம்மா மூஞ்ச மூடிக்கினே இருந்தாங்க, என் கையால குடுத்தத தொடல, அந்த வூட்டுக்கு நான் எப்படிப் போவேன்னு கேக்குது. இன்னும் பத்திரிக்கை அடிக்கல. வேணாம்னா இப்பவே வேணாம்னு சொல்லிடுங்க." அந்த நேரத்தில், எனக்குப் பல் இல்லை சம்பந்தி என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். வரவில்லையே! "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டேன். அது இன்னும் மோசம். உங்கப்பா பக்கத்தில் குட்டி யானை வண்டியின் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துணியைக் கீழே போட்டுவிட்டு, "நீ வாய மூடிக்கினு இருந்ததுல என் புள்ள கல்யாணம் நிக்கப் போவுது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. உன் கல்யாணம் என் வாய்க்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையிலேயே உங்கப்பாவோடு குட்டி யானையில் ஏறித் திண்டிவனம் போனேன். பல் டாக்டர் சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும். வாயைப் பார்த்துவிட்டு விவரமாகச் சொன்னார். பழையபடி கழட்டி மாட்டுவது ஒன்று, எலும்பில் திருகு வைத்து அதன்மேல் பல் கட்டுவது ஒன்று, பிரிட்ஜ் கட்டுவது ஒன்று. கழட்டி மாட்டுவது என்றதும், அது ஏற்கெனவே லாரி ஏறிப் போச்சு என்றேன், அவருக்குப் புரியவில்லை. திருகு வைத்தால் எலும்பு பிடிக்கவே மாதக்கணக்கில் ஆகும் என்றார், அதற்குள் முகூர்த்தம் போய்விடும். மிஞ்சியது பிரிட்ஜ். ஓட்டைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற சொந்தப் பல்லைச் சுற்றிலும் தேய்த்துச் சிறிதாக்கி, அவற்றின்மேல் உறை மாதிரி மாட்டி, அந்த உறைகளோடு ஒட்டியே நடுவில் புதுப் பல் தொங்கும். தேய்க்கிற பல் திரும்ப வளராது, அதையும் ஒளிக்காமல் சொன்னார். எனக்குப் பயம் வந்துவிட்டது. போனது போகட்டும், இருக்கிற நல்ல பல்லையும் தேய்ப்பதா? உங்கப்பாவைப் பார்த்தேன். "ரெண்டு பேரு நல்லா நின்னாதான் நடுவுல இருக்கறவன தூக்க முடியும், தேய்க்கட்டும் வுடு" என்றார். மூட்டை தூக்குகிற ஆள் வேறு எப்படிச் சொல்வார்?

மரத்துப்போக ஊசி போட்டுத் தேய்த்தார்கள். களிமண் மாதிரி ஒன்றை வாயில் வைத்து அச்சு எடுத்தார்கள். அசல் பல் தயாராகி வருகிற வரைக்கும் வாயை வெறுமையாக விடக்கூடாது என்று பிளாஸ்டிக்கில் தற்காலிகமாக ஒன்றை ஒட்டிவிட்டார்கள். "இது சும்மா பேருக்குத்தாம்மா. கெட்டியா எதையும் முன்னால வெச்சுக் கடிக்கவே கூடாது" என்று டாக்டர் சொன்னார். தலையை ஆட்டினேன். ஆட்டின தலை வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டது.

அடுத்து நடந்ததை நீ யாரிடமும் சொல்லாதே. உப்பு மூட்டை பிடிக்கும் பதத்துக்குக் காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, அம்பாரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பது என் வழக்கம். காய்ந்த கல் நறுக்கென்று உடையும். ஈரம் இருந்தால் நசுங்கும். பல் போன பிறகு அந்த வேலையைக் கன்னியம்மா என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள், அதைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொள்வாள். தற்காலிகப் பல்லோடு வேலைக்குப் போன நாளே, "எட்றி அந்தக் கல்ல" என்று அவள் கையிலிருந்ததை வாங்கி முன்பல்லில் வைத்து ஒரே கடி! நறுக்கென்றுதான் கேட்டது. எனக்கு அவ்வளவு பெருமை. "காஞ்சிட்ச்சிடி, மூட்ட புடிக்கலாம்" என்றேன். சொல்லும்போதே வாயிலிருந்து காற்று வந்தது. துப்பிப் பார்த்தால் உப்புக் கல்லும் பிளாஸ்டிக் பல்லும் சேர்ந்து உள்ளங்கையில் கிடக்கின்றன. உடைந்தது உப்பில்லை. கன்னியம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கழுவெளி ஏரியில் இருக்கிற பறவையெல்லாம் எழுந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் சந்தியாவும் அவள் அம்மாவும் வரப்பில் நடந்து வந்தார்கள். சந்தியாவே ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு கிளியனூரிலிருந்து வந்திருந்தாள். வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், பூட்டியிருந்ததும் கேட்டுக் கேட்டு உப்பளத்துக்கே வந்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாமியார் வீட்டைத் தேடி வருவது நம் பக்கம் வழக்கமா? அவள் வந்தாள். அவர்களைப் பார்த்ததும் என் கை தானாக முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனது. சந்தியாவின் அம்மா, "வேல நேரத்துல வந்துட்டோம், தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி" என்று ஆரம்பித்தார்கள். சந்தியா அவர்களை முடிக்க விடவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்கிறது, ஆனால் குரல் உடையவில்லை. "இப்பவும் மூஞ்ச மூடிக்கறீங்களே அத்த. நான் இன்னா தப்பு பண்ணேன்? புடிக்கலன்னா உங்க வாயால சொல்லிடுங்க, நான் போயிடறேன்" என்றாள்.

தம்பி, அந்த இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறாய்? திரும்பி நடந்திருப்பேன் என்று நினைத்தால் உன் அம்மாவை உனக்குத் தெரியாது. முந்தானையை விட்டேன். உள்ளங்கையை விரித்து அவள் முன்னால் நீட்டினேன். வாயையும் திறந்து காட்டினேன். "எனக்குப் பல்லு இல்லம்மா. அவ்ளோதான். உன்ன எனக்கு அவ்ளோ புடிச்சிருக்குது. சிரிச்சா ஓட்ட தெரியும்னு சிரிக்கல. முறுக்க கடிக்க பல்லு இல்லன்னு எடுக்கல. உனக்கோசரம்தான் பல்லு கட்டப் போனேன், அதையும் இப்பதான் உப்பக் கடிச்சு ஒடச்சிக்கினேன்" என்றேன். சந்தியா என் கையைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள், மறுபடியும் கையைப் பார்த்தாள். "உப்பயா அத்த கடிச்சீங்க?" என்றாள். கன்னியம்மா பின்னாலிருந்து, "நல்லா காஞ்ச உப்பும்மா, மொத தரம்" என்றாள். அவ்வளவுதான். சந்தியாவுக்குச் சிரிப்பு பீறிட்டது, அழுகையும் கூடவே வந்தது. எனக்கும் அப்படித்தான். நடு உப்பளத்தில், கொளுத்துகிற வெயிலில், பொக்கை வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நான் சிரித்தேன். சந்தியாவின் அம்மா என்ன செய்தார்கள் தெரியுமா? கிட்டே வந்து தன் கன்னத்தை விரலால் ஒதுக்கி, "எனக்கும் இந்தப் பக்கம் கடவாப்பல்லு இல்ல சம்பந்தி, ஒரு பக்கமாதான் மெல்றேன்" என்று காட்டினார்கள். இரண்டு சம்பந்திகளும் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்ற மாதிரி ஒரு கல்யாணப் பேச்சு இந்த ஜில்லாவில் நடந்திருக்காது. பத்திரிகை அந்த வாரமே அடித்தாயிற்று.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம். அடுத்து திண்டிவனத்துக்கு என்னைக் கூட்டிப்போனது உங்கப்பா இல்லை. சந்தியா. நீ வந்து இறங்கி "எப்போ கட்டுன?" என்று கேட்டபோது உங்கப்பாவும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி நின்றார். கிளியனூரில் ஒருத்தி எல்லாம் தெரிந்தும் உன்னிடம் போனில் மூச்சு விடாமல் இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வைத்த ரகசியம் அது. டாக்டர் என் உடைந்த பல்லைப் பார்த்து என்னைத் திட்டவில்லை, சந்தியாவைத் திட்டினார். "நீங்க பாத்துக்கக் கூடாதா?" என்றார். "இனிமே பாத்துக்கறேன் டாக்டர், இப்பதான் வந்து சேந்தேன்" என்றாள் இவள். எனக்கு அந்த நாற்காலியிலேயே பாதிப் பல் முளைத்துவிட்டது.

பல்லுக்கு நிறம் தேர்ந்தெடுக்க ஒரு அட்டை மாதிரி வைத்திருக்கிறார்கள், அதில் வரிசையாகப் பல் பல்லாகக் கோத்திருக்கிறது. நான் பார்த்தவுடனே இருப்பதிலேயே வெள்ளையானதைத் தொட்டேன். உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு வெள்ளை என்றால் முதல் தரம், மங்கல் என்றால் இரண்டாம் தரம். என் மகன் கல்யாணத்துக்கு இரண்டாம் தரமா? டாக்டர் அதை என் சொந்தப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியில் காட்டினார். வெற்றிலை போட்ட என் பல் வரிசைக்கு நடுவில் அது சுண்ணாம்பு அடித்த மாதிரி தனியாக நின்றது. அப்போதும் நான் விடவில்லை. சந்தியா என்னை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய், கொஞ்சம் மஞ்சள் ஓடிய ஒன்றை வைத்துப் பார்த்து, "இதுதான் அத்த நீங்க. அது வேற யாரோ" என்றாள். அவள் சொன்னதையே எடுத்தோம். இன்றைக்கு ஆல்பத்தில் எது சொந்தப் பல், எது கட்டின பல் என்று நீயே தேடிக் கண்டுபிடி பார்க்கலாம்.

ஒட்டி முடித்த அன்றைக்குக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். பயந்து பயந்துதான் பார்த்தேன். வாயை மூடிப் பார்த்தேன், திறந்து பார்த்தேன், பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். டாக்டர், "பேசிப் பாருங்கம்மா" என்றார். என்ன பேசுவது? "சந்தியா" என்று கூப்பிட்டேன். காற்று ஒழுகாமல் முழுசாக வந்தது அந்தப் பேர். அவள் "இன்னா அத்த?" என்றாள். சும்மாதான் என்று சொல்லிவிட்டு மறுபடியும் கூப்பிட்டேன். வரும் வழியெல்லாம் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் உங்கப்பா என்னைப் பார்த்துவிட்டு வெளியே போனார், திரும்பி வந்தார், மறுபடியும் பார்த்தார். "பொண்ணு பாக்க வந்தப்ப இப்டிதான் இருந்த" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை இதுதான், இதற்காகவே இன்னும் இரண்டு பல் கட்டலாம்.

கல்யாணத்தன்றைக்குப் பெரிய முதலியார்சாவடியிலிருந்து வந்த உன் பெரியத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல், "நெசப் பல்லாடி?" என்று காதில் கேட்டார். "இழுத்துத்தான் பாருங்களேன்" என்றேன். பாவம், அதற்குப் பிறகு பக்கத்தில் வரவில்லை. சந்தியா வீட்டிலிருந்து சீர் வரிசையோடு ஒரு தூக்கு முறுக்கு வந்தது, அவளே சுட்டது. சபையில் எல்லாருக்கும் முன்னால் எடுத்தேன். முன்பல்லால் கடிக்கவில்லை, ஒருமுறை பட்டது போதும். கையால் உடைத்துக் கடவாயில் போட்டு, ஊருக்கே கேட்கும்படி மென்றேன். சந்தியாவின் அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த மண்டபத்தில் அன்றைக்கு ஜெயித்தவள் யார் என்று கேட்டால், கூசாமல் சொல்வேன், நான்தான்.

பல் கட்டியதோடு வேலை முடியவில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். தொங்குகிற பல்லுக்கு அடியில் உணவு போய் உட்காரும், ஒரு குச்சி பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், உள்ளே தாங்குகிற பல் கெட்டால் மொத்தமும் போய்விடும். கன்னியம்மா மாதிரி உப்பும் கரியும் வைத்துத் தேய்க்கிறதையும் நிறுத்திவிட்டேன். வெற்றிலையையும் விட்டுவிட்டேன், அதுதான் கொஞ்சம் கஷ்டம். உனக்கும் சொல்கிறேன், கடவாய் கூசுகிறது என்று கல்யாணத்தில் சொன்னாயே, புனேவில் டாக்டர் இல்லாமலா இருப்பார்கள்? போய்க் காட்டு. வலிக்கிற வரைக்கும் காத்திருக்காதே.

ஆனால் இந்தக் கடிதத்தை நான் பல்லுக்காக மட்டும் எழுதவில்லை. முந்தாநாள் சந்தியா போன் செய்தாள். எப்போதும் போல என்ன சமைத்தாய், மழையா வெயிலா என்று பேசிக்கொண்டிருந்தோம். வைக்கப்போகிற நேரத்தில், "அத்த, அவருக்கு இன்னா சாப்பாடு புடிக்கும்?" என்று கேட்டாள். ஏன் என்றேன். "ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா பேசவே மாட்றாரு. வெச்சத தின்னுட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறாரு. நான் செய்றது புடிக்கலபோல" என்றாள். புகாராகச் சொல்லவில்லை, தம்பி. தன் மேல் ஏதோ தப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு கேட்டாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். வரப்பில் நின்று, நான் இன்னா தப்பு பண்ணேன் என்று கேட்ட அதே குரல்.

நான் அவளிடம் சொன்னேன், "சாப்பாட்ல ஒரு கொறையும் இல்லம்மா. அவன் என் புள்ள. எங்கியோ ஓட்ட வுழுந்திருக்குது, மூடிக்கினு கெடக்கறான்" என்று. கம்பெனியில் என்ன பிரச்சினையோ எனக்குத் தெரியாது. வேலையில் அவமானமா, பிரமோஷன் கைவிட்டுப் போனதா, ஊரைவிட்டு இவளைக் கூட்டிவந்துவிட்டோமே என்ற பயமா? எதுவாக இருந்தாலும் அவள் மேல் உனக்குக் கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? நாம் வாயை மூடிக்கொண்டால் எதிரில் இருப்பவர் சும்மா இருப்பதில்லை, தம்பி. அதற்குத் தாமாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்கள், அது நம் காரணத்தைவிட எப்போதும் மோசமாக இருக்கும். என் ஓட்டையைப் பார்த்து அவள் என்னை மட்டமாக நினைப்பாள் என்று நான் பயந்தேன். பார்த்த பிறகுதான் அவள் எனக்கு மகளானாள். டாக்டர் கட்டின பல் அழகுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அவள் என்னோடு சிரித்தது அந்தப் பல் வருவதற்கு முன்னாலேயே.

அதனால் இப்படிச் செய். இந்தக் கடிதத்தை நீ தனியாகப் படித்துவிட்டு மடித்து வைக்காதே. இன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவளிடம் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல். நீ எதிரில் உட்கார்ந்து கேள். உப்பளத்துக் கதை வரும்போது அவளுக்குச் சிரிப்பு வரும், சிரிக்கட்டும். இந்தக் கடைசிப் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டு உன் முகத்தைப் பார்ப்பாள். அப்போது வாயைத் திற.

உன் அம்மா